முட்டி வலிக்குத் தொடையில்தான் வேலை

பிசியோதெரபிக்குப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் "கரண்ட் வைக்கிறாங்களா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும், முட்டியைச் சுற்றி ஒயரை ஒட்டுவார்கள், கொஞ்ச நேரம் குறுகுறுவென்று இருக்கும், எழுந்து வந்துவிடலாம். பலர் மனதில் இருக்கும் பிசியோதெரபி இவ்வளவுதான். எனக்கு நடந்தது வேறு. இடது முழங்காலில் தேய்மான வலியோடு போன எனக்கு முட்டியில் பெரிதாக ஒன்றுமே செய்யவில்லை. தொடைக்கும் இடுப்புக்கும்தான் வேலை கொடுத்தார்கள், அதையும் நானேதான் செய்தேன், பெரும்பாலும் வீட்டில், மாதக்கணக்கில். வலி சுத்தமாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடுவதில்லை, எங்கே போகலாம் எங்கே போக முடியாது என்று முட்டியைக் கேட்டு முடிவு செய்யும் நிலைமை இப்போது இல்லை. அது எப்படி நடந்தது என்று எழுதினால் இதே வலியில் இருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் அந்த பிசியோதெரபிஸ்ட் என் எக்ஸ்ரேயை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொன்னார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், தாழ்வான ஒரு படியில் ஏறி மெதுவாக இறங்கச் சொன்னார். இறங்கும்போது இடது முட்டி நேராகப் போகாமல் உள்பக்கமாகச் சாய்வதைக் கண்ணாடியில் காட்டினார். அப்புறம் காலை நீட்டி உட்காரவைத்து, முட்டிச் சில்லுக்குச் சற்று மேலே, தொடையின் உள்பக்கம் இரண்டு விரலை வைத்து, "இங்க இறுக்குங்க" என்றார். வலது காலில் அந்த இடம் உடனே திரண்டு கெட்டியானது. இடது காலில் விரல் அமுங்கிப்போனது. "இன்னும் இறுக்குங்க" என்கிறார், நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குகிறேன், இடுப்பு தூக்கிக்கொள்கிறது, கால் விரல்கள் மடங்குகின்றன, அந்த ஒரு தசை மட்டும் வரவே இல்லை. டேப்பை எடுத்து, சில்லிலிருந்து ஒரே உயரத்தில் இரண்டு தொடையையும் சுற்றி அளந்தார். இடது தொடை இளைத்திருந்தது.

மூட்டுக்குள் வீக்கமோ வலியோ இருந்தால், முன்தொடைத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளையை உடம்பே குறைத்துவிடுமாம். மூட்டுக்குள் கொஞ்சம் நீர் கோத்தாலே போதும், குவாட்ரிசெப்ஸ் என்று சொல்கிற அந்த முன்தொடைத் தசை அடங்க ஆரம்பித்துவிடும். மூட்டைக் காப்பாற்றத்தான் உடம்பு அப்படிச் செய்கிறது, ஆனால் அது நீடித்தால் தசை மெலிகிறது, மெலிந்த தசையால் மூட்டைத் தாங்க முடிவதில்லை, சுமை எல்லாம் மூட்டின் மேலேயே இறங்குகிறது, வலி கூடுகிறது, வலி கூடக்கூட தசை இன்னும் அடங்குகிறது. இந்தச் சுற்றை எங்காவது ஓரிடத்தில் உடைத்தாக வேண்டும். தேய்ந்த குருத்தெலும்பைப் பயிற்சி செய்து திரும்ப வளர்க்க முடியாது. தசையை எந்த வயதிலும் வளர்க்கலாம். அதனால் கை வைக்க வேண்டிய இடம் தசைதான்.

முட்டி தாங்கும் சுமையைப் பற்றித் தெரிந்துகொண்டால் இது இன்னும் நன்றாகப் புரியும். செயற்கை மூட்டு பொருத்தும்போது அதற்குள்ளேயே அளக்கும் கருவியை வைத்து, அந்த மனிதர்கள் நடக்கும்போதும் படி ஏறும்போதும் மூட்டில் எவ்வளவு சுமை விழுகிறது என்று நேரடியாகவே அளந்திருக்கிறார்கள். 2010-இல் வந்த அந்த ஆய்வின்படி சமதளத்தில் நடக்கும்போது உடல் எடையைப்போல் சுமார் 2.6 மடங்கு, படி ஏறும்போது 3.2 மடங்கு, படி இறங்கும்போது 3.5 மடங்கு. 70 கிலோ எடை உள்ளவர் படி இறங்கினால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் 240 கிலோவுக்கு மேல் விழுகிறது. முட்டி வலிக்காரர்கள் எல்லோரும் "ஏறிடுவேன், இறங்கத்தான் முடியல" என்று சொல்வது வெறும் புலம்பல் இல்லை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டும், பலமில்லாத தொடை அங்கேதான் கைவிடும்.

எடையைக் குறை என்று டாக்டர் சொன்னால் பலருக்குக் கோபம் வரும், எனக்கும் வந்தது. ஆனால் 2005-இல் வந்த ஓர் ஆய்வு, எடை கூடிய, முட்டித் தேய்மானம் உள்ள வயதானவர்களிடம் அளந்து பார்த்ததில், 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் சுமார் 4 கிலோ சுமை குறைகிறது என்று காட்டியது. 3 கிலோ குறைத்தால் 12 கிலோ. நாள் முழுக்க எத்தனை அடி வைக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தால் அந்த 3 கிலோ சாதாரணம் இல்லை.

எக்ஸ்ரேயைப் பார்த்துப் பயப்படுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தேய்ந்துவிட்டது என்று கேட்டதும் இனி நடந்தால் இன்னும் தேயும், உட்கார்ந்தே இருப்போம் என்று தோன்றும். சுற்றி இருப்பவர்களும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் படத்தில் தெரிவதற்கும் வலிக்கும் நேரான கணக்கு கிடையாது. 50 வயதுக்கு மேற்பட்ட, எக்ஸ்ரேயில் தேய்மானமே தெரியாத 710 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஆய்வு 2012-இல் வந்தது. அதில் 89 சதவீதம் பேருக்கு முட்டிக்குள் ஏதாவது ஒரு மாற்றம் இருந்தது, வலியே இல்லாதவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு இருந்தது. குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சத்து போகிறது, பஞ்சை அமுக்கி விடுவதுபோல் சுமை ஏறி இறங்கும்போதுதான் அந்தத் திரவம் உள்ளே போய் வெளியே வருகிறது. ஆக அளவான நடையும் பயிற்சியும் மூட்டுக்குத் தீனி. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்குப் பயம் விட்டது, பயம் விட்டதே பாதி வைத்தியம் என்பேன்.

சரி, பயிற்சிக்கு வருவோம். முதலில் கொடுத்தது ரொம்பச் சின்ன வேலை. காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு டவலைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, முட்டியின் பின்பக்கத்தால் டவலைக் கீழே அமுக்க வேண்டும். பாதம் மேல்நோக்கி, விரல்கள் நம்மைப் பார்த்து. ஒழுங்காகச் செய்தால் குதிகால் தரையிலிருந்து லேசாகத் தூக்கும், முட்டிச் சில்லு தொடைப் பக்கம் நகர்வது கண்ணுக்குத் தெரியும். 5 எண்ணும்வரை பிடித்து விட வேண்டும், அப்படி 10 முறை, ஒரு நாளில் இரண்டு மூன்று வேளை. மூச்சை அடக்கக் கூடாது. முதலில் எனக்கு அந்தத் தசை வராததால், இறுக்குவதற்கு முன் விரலால் அந்த இடத்தைத் தட்டிவிடச் சொன்னார், இரண்டு காலையும் ஒன்றாக இறுக்கச் சொன்னார். நல்ல கால் செய்வதைப் பார்த்து மற்ற காலும் கற்றுக்கொள்ளும் என்றார். அப்படியே ஆனது. ஒரு நாள் விரலுக்கு அடியில் அந்த இடம் துடித்தது, கொஞ்ச நாளில் நிற்க ஆரம்பித்தது. பார்க்க ஒன்றுமில்லாத பயிற்சி, ஆனால் வீக்கமும் வலியும் உச்சத்தில் இருக்கும்போதும் முட்டியை மடக்காமலே செய்யலாம் என்பதால் இதற்கு ஈடு இல்லை.

அடுத்தது படுத்துக்கொண்டு காலைத் தூக்குவது. ஒரு காலை மடக்கி ஊன்றி, மற்ற காலின் முட்டியை நன்றாக நீட்டி இறுக்கிய பிறகுதான் தூக்க வேண்டும், மடக்கிய முட்டியின் உயரம்வரை போதும். தூக்கும்போது முட்டி கொஞ்சம் தளர்ந்து மடங்கினாலும் தொடை வேலை செய்யவில்லை என்று அர்த்தம், உயரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

முட்டி வலிக்கு இடுப்பில் ஏன் பயிற்சி என்று கேட்டேன். படி இறங்கும்போது முட்டி உள்ளே சாய்ந்தது இல்லையா, அதை நேராகப் பிடிக்க வேண்டியது இடுப்பின் பக்கவாட்டுத் தசை. ஒருக்களித்துப் படுத்து, இரண்டு முட்டியையும் மடக்கி, குதிகால்கள் ஒட்டியபடியே மேல் முட்டியை மட்டும் திறக்க வேண்டும். சுலபம்போல இருக்கும். இடுப்பைப் பின்னால் சாய்த்துவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் திறக்கலாம், ஒரு பலனும் இல்லை. சுவரில் முதுகை ஒட்டிப் படுத்துக்கொண்டால் இடுப்பு சாய முடியாது, வீட்டில் தனியாகச் செய்பவர்களுக்கு அது நல்ல வழி. அப்புறம் மல்லாந்து படுத்து இரண்டு காலையும் ஊன்றி இடுப்பைத் தூக்குவது, கைப்பிடி ஒன்றைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி நிற்பது, இவை பின்தொடைக்கும் கெண்டைக்காலுக்கும். பின்தொடையை நீட்டிவிடும் பயிற்சியும் உண்டு, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் பலன் கொடுத்தது எது என்று கேட்டால், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. தினமும் செய்கிற காரியமே பயிற்சியாகிவிடுகிறது. பாதம் இரண்டையும் முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வைத்து, உடம்பை முன்னால் சாய்த்து, கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும். முட்டி பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராகப் போக வேண்டும். எழுவது பாதிதான், உட்காருவதுதான் முக்கியம். 4 எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்க வேண்டும், கடைசியில் தொப்பென்று விழக் கூடாது. ஆரம்பத்தில் சாதாரண உயரத்தில் என்னால் முடியவில்லை, நாற்காலியில் கெட்டியான மெத்தை ஒன்றைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொண்டேன். பிறகு மெத்தையை எடுத்தேன், பிறகு வலது பாதத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்து இடது காலுக்குச் சுமையைக் கூட்டினேன். இந்தக் கூட்டிக்கொண்டே போவது இல்லையென்றால் பயிற்சி வெறும் சடங்காகிவிடும். ஆறு மாதமாக ஒரே பயிற்சியை ஒரே எண்ணிக்கையில் செய்துவிட்டு பிசியோதெரபியால் பயனில்லை என்பவர்களை எனக்குத் தெரியும், பாவம், அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் அடுத்த படிக்குக் கூட்டிப்போகவே இல்லை. கடைசி இரண்டு மூன்று முறை தூக்கச் சிரமமாக இருக்க வேண்டும், அப்போதுதான் தசைக்குச் சேதி போகும்.

இப்போது மிக முக்கியமான விஷயம்: வலிக்கும்போது செய்யலாமா? செய்யலாம், ஓர் அளவோடு. 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாத வலி என்று வைத்துக்கொண்டு, பயிற்சியின்போது 4, 5 வரை வந்தால் பரவாயில்லை. ஆனால் அடுத்த நாள் காலை எழும்போது முட்டி வழக்கமான நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். வலியோ வீக்கமோ விறைப்போ கூடியிருந்தால் முந்தின நாள் செய்தது அதிகம், எண்ணிக்கையையோ உயரத்தையோ குறைக்க வேண்டும். குறைக்கத்தான் வேண்டும், விட்டுவிடக் கூடாது. இந்த ஒரு விதி கையில் இருந்ததால்தான் என்னால் யாரையும் கேட்காமல் நாளை என்ன செய்வது என்று முடிவெடுக்க முடிந்தது. தசையில் வரும் வலியையும் மூட்டில் வரும் வலியையும் பிரித்துப் பார்க்கவும் பழக வேண்டும். தொடை முழுக்க மந்தமாக வலித்தால் அது வேலை செய்த வலி, ஓரிரு நாளில் போய்விடும். முட்டிக்குள் ஓரிடத்தில் சுருக்கென்று குத்தினால் அந்த அசைவின் ஆழத்தைக் குறைக்க வேண்டும்.

முதல் சில வாரங்களில் பலம் கூடும், தொடை பருக்காது. அந்தக் கட்டத்தில் நடப்பது நரம்பு தசையை மறுபடி எழுப்பும் வேலை. தசை நிஜமாகவே திரள 2, 3 மாதம் பிடிக்கும். பலர் விட்டுவிடுவது இதற்கு நடுவில்தான், வலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும், திடீரென்று ஒரு நாள் பழையபடி வீங்கும், எல்லாம் வீண் என்று தோன்றும். எனக்கும் அப்படி நடுவில் வீங்கியது, நாள் முழுக்க நிற்க வேண்டியிருந்த ஒரு நாளுக்குப் பிறகு. உட்கார்ந்து எழும் பயிற்சியையும் படி ஏறுவதையும் நிறுத்திவிட்டு டவல் அமுக்குவதற்கே திரும்பினேன், காலை உயர்த்தி வைத்துத் துணி சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்தேன், வீக்கம் வடிந்ததும் விட்ட இடத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்து ஆரம்பித்தேன். ஐஸா வெந்நீரா என்று கேட்பவர்களுக்கு: சூடாக வீங்கியிருந்தால் ஐஸ், வீக்கமில்லாமல் காலையில் விறைத்துக்கொண்டிருந்தால் வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும்.

ராத்திரி முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குவது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் மாதக்கணக்கில் அப்படியே தூங்கினால் முட்டி முழுசாக நீளாமல் போய்விடும், நீளாத முட்டியோடு நடப்பது தொடைக்கு இரட்டை வேலை. ஒருக்களித்துப் படுத்து இரண்டு முட்டிக்கும் நடுவில் வைத்துக்கொள்ளலாம். கைத்தடி பிடிக்க வேண்டிவந்தால் வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும், நிறைய பேர் வலிக்கும் பக்கமே பிடிக்கிறார்கள். வலி அதிகமான நாட்களில் படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். முட்டியில் மாட்டுகிற உறை தெம்பு கொடுக்கும், வெளியே போகும்போது போட்டுக்கொள்ளலாம், ஆனால் அது தசையின் வேலையைச் செய்யாது.

கரண்ட் வைப்பதைப் பற்றிக் கேட்டீர்கள் என்றால், அதனால் கொஞ்ச நேரம் வலி அடங்கி, அந்த நேரத்தில் பயிற்சி செய்ய முடிகிறது என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதுவே சிகிச்சை என்று பணமும் நேரமும் போவதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மூட்டுத் தேய்மானம் உள்ள எல்லோருக்கும் உடற்பயிற்சியைக் கொடுக்கச் சொல்கிறது, டென்ஸ் (தோலில் ஒயர் ஒட்டி லேசாகக் கரண்ட் வைப்பது), அல்ட்ராசவுண்ட் மாதிரியான மின்சிகிச்சையை வேண்டாம் என்கிறது, குளுக்கோசமைன் மாத்திரையையும் வேண்டாம் என்கிறது. ஊசியைப் பொறுத்தவரை, முட்டித் தேய்மானம் உள்ள 156 பேரில் பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு ஊசியும் பாதிப் பேருக்கு பிசியோதெரபியும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020-இல் வந்தது. ஒரு வருடம் கழித்து வலியிலும் நடமாட்டத்திலும் பிசியோதெரபி எடுத்தவர்கள்தான் நன்றாக இருந்தார்கள். முட்டிக்குள் மெத்தைபோல் இருக்கும் ஜவ்வு (மெனிஸ்கஸ்) கிழிந்திருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களும் உடனே ஆபரேஷனுக்கு ஓட வேண்டியதில்லை. 45 வயதுக்கு மேல், தேய்மானத்தோடு ஜவ்வுக் கிழிசலும் இருந்த 351 பேரை வைத்துச் செய்த 2013 ஆய்வில், 6 மாதம் கழித்து ஆபரேஷனோடு பிசியோதெரபி எடுத்த தரப்புக்கும் பிசியோதெரபியில் மட்டும் தொடங்கிய தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பிசியோதெரபி தரப்பில் 30 சதவீதம் பேர் அதற்குள் ஆபரேஷனுக்கு மாறினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதலில் பயிற்சி, போதவில்லை என்றால் அடுத்தது என்ற வரிசை எனக்கு நியாயமாகப் படுகிறது.

பயிற்சியை ஒதுக்கிவைத்துவிட்டு நேரே டாக்டரிடம் போக வேண்டிய நேரங்களும் உண்டு. முட்டி சிவந்து கொதித்து, கூடவே காய்ச்சலும் இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. அடிபட்ட பிறகு காலை ஊன்றவே முடியாமல் போவது, மடங்கிய முட்டி நீளாமல் பூட்டிக்கொள்வது, நடக்கும்போது முட்டி வழுக்கிக் கால் விட்டுப்போவது, ஓய்வில் இருக்கும்போதும் ராத்திரி எழுப்புகிற வலி, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, இதெல்லாம் காட்டிப் பார்க்க வேண்டியவை. கடைசியாகச் சொன்னது ரத்தக்கட்டாகவும் இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும்.

பிசியோதெரபிஸ்டைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது இதைத்தான்: நடக்கவைத்து, உட்காரவைத்து, எழவைத்துப் பார்க்கிறாரா, வீட்டில் செய்ய எழுதித் தருகிறாரா, அடுத்த முறை போகும்போது நாம் செய்வதைப் பார்த்துத் திருத்தி, சுமையைக் கூட்டுகிறாரா. இந்த மூன்றும் இருந்தால் தினமும் போக வேண்டிய அவசியமே இல்லை, சில வாரங்களுக்கு ஒருமுறை போய்க் காட்டினால் போதும். நான் இப்போதும் வாரத்தில் இரண்டு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டு, உட்கார்ந்து எழுவதையும் படி ஏறி இறங்குவதையும் செய்கிறேன். வலி இல்லை என்று நீண்ட நாள் விட்டால் தொடை மறுபடி இளைக்கும், முட்டி முதலில் படி இறங்கும்போதுதான் அதைச் சொல்லும். அப்படிச் சொன்னால் எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டியதில்லை, டவலைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து அமுக்க ஆரம்பித்துவிடலாம்.